குப்பைமேனியும் கடுக்காயும் ஆய்வகத்துக்கு வந்தால்

திருச்சியில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்க்கிறேன். இறுதியாண்டு முதுகலை மாணவர்களின் புராஜெக்ட் தலைப்புகளை ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். அதைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே தலைப்புதான். செடியின் பெயர் மட்டும் மாறும். ஒருமுறை குப்பைமேனி இலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறனும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் திறனும், அடுத்தமுறை தூதுவளை, அதற்கடுத்து நொச்சி. இதைச் சொல்லிச் சிரிக்கும் சக ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. வேலியோரத்தில் கிடைக்கும் செடியையும் ஒரு சாதாரணக் கல்லூரியில் இருக்கும் கருவிகளையும் வைத்துக்கொண்டு, தாவரவியல், வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றையும் ஒரே பருவத்தில் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தகராறு வேறிடத்தில் இருக்கிறது. பிளேட்டில் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் விழுந்தவுடன், சோதனைக் குழாயில் ஊதா நிறம் வெளுத்தவுடன் கைதட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த வளையத்தை உண்டாக்கியது செடிதானா, அல்லது கரைப்பானா, அமிலமா, மிச்சம் தங்கிய மெத்தனாலா என்று கேட்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக மாணவர்களுடன் உட்கார்ந்து பார்த்ததில் எங்கெங்கே கால் இடறும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செடி. கீழாநெல்லி என்று பை நிறையக் கொண்டு வருவார்கள். இலைக்காம்பின் கீழே காய் வரிசையாகத் தொங்கினால் கீழாநெல்லி என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். ஆனால் அப்படிக் காய் தொங்கும் பில்லாந்தஸ் இனங்கள் நம் வயல்வரப்பில் ஒன்றல்ல, பல. நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது பில்லாந்தஸ் அமாரஸ். மாணவர்களின் அறிக்கையில் இருப்பதோ பில்லாந்தஸ் நிரூரி, ஏனென்றால் பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி இன்னும் மோசம். சாலை நடுவே அழகுக்காகத் தரையில் படரவிடும் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டாவைப் பறித்து வந்து, "வீட்டிலேயே நிறைய இருக்கிறது மேடம்" என்பார்கள். இலை, பூ, முடிந்தால் காய், வேர் எல்லாம் உள்ள கிளை ஒன்றை அழுத்திக் காயவைத்து, உலர்தாவரச் சேகரிப்பான ஹெர்பேரியத்தில் காட்டி, எண் வாங்கிய பிறகுதான் அரைக்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. எங்கள் ஊரிலேயே தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருப்பது எங்களுக்குப் பெரிய வசதி. அரைத்து முடித்த பொடியை எடுத்துக்கொண்டு போய் இது என்ன செடி என்று கேட்டால் அங்கே யாராலும் சொல்ல முடியாது.

கடையில் வாங்கும் சரக்கிலும் இதே கவனம் வேண்டும். கடுக்காய் வாங்க காந்தி மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்கு மாணவி ஒருத்தியுடன் போயிருந்தேன். கடைக்காரர் அக்கறையோடுதான் கேட்டார்: "பொடியாகவே தரட்டுமா அம்மா? இடிக்கிற வேலை மிச்சம்." "முழுக் காயாகவே கொடுங்கள் அண்ணே, நாங்கள் உடைத்துக்கொள்கிறோம்" என்று வாங்கி வந்தோம். பொடியில் என்ன கலந்திருக்கிறது, எப்போது இடித்தது என்று யாரும் சான்று தர முடியாது. முழுக் காயென்றால் முகம் தெரியும். அவள் காயைக் கொட்டையோடு சேர்த்தே மிக்சியில் போடப் போனாள். கடுக்காய்க்கு அகநஞ்சு, இஞ்சிக்குப் புறநஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருப்பது ஆய்வகத்துக்கும் பொருந்தும். மருந்தில் சேருவது சதைப்பகுதி என்றால் சோதனைக்கும் சதைப்பகுதிதான் போக வேண்டும்.

காயவைப்பது நிழலில். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நிழலில் காயவைத்தால் இலை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அந்தச் சாற்றில் வரும் எதிர்ப்புத் திறன் இலையுடையதா பூஞ்சையுடையதா என்ற புதுச் சிக்கல் கிளம்பும். பெனிசிலின் வந்ததே பூஞ்சையிலிருந்துதான். மழைக்காலத்தில் 40 டிகிரிக்கு மிகாத அடுப்பில் உலர்த்துவது நல்லது. இலையை விரலால் மடக்கினால் சளக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்து சாறு இறக்குவது. கரைப்பானைக் கொதிக்கவைத்து, அதன் ஆவியைக் குளிரவைத்துப் பொடியின் மேல் திரும்பத் திரும்பச் சொட்டவிடும் சாக்ஸ்லெட் கருவியைப் பார்த்தாலே மாணவர்களுக்கு ஒரு மரியாதை. ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் 1879இல் பாலில் உள்ள கொழுப்பை அளக்க வடிவமைத்த கருவி அது. கரைப்பானான மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். மேலே கண்டென்சரில் ஓடும் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆவி திரும்ப இறங்கும். ஏப்ரல் மாதத்துத் திருச்சியில் குழாய்த் தண்ணீர் குளிக்கவே சுடும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் ஐஸ் கட்டி, மீன் தொட்டிக்குப் போடும் சிறிய மோட்டார் ஒன்று. அந்த நீரே சுற்றிச் சுற்றி வரும். பக்கத்தில் பன்சன் சுடர் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மெத்தனால் ஆவி தீப்பிடிக்கும், கண்ணைக் கெடுக்கும். தண்ணீரும் மிச்சம், வேலையும் நடக்கிறது.

ஆனால் எல்லாச் செடிக்கும் சூடு ஏற்றதல்ல. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் கதையை மாணவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை. சீனாவில் டு யூயூவின் குழு ஆர்ட்டிமிசியா இலையைச் சூடுபடுத்திச் சாறு எடுத்தபோது பலன் நிலையாகக் கிடைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவக் குறிப்பில், இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு இறக்கிப் பார்த்தார்கள். 1971இல் பலன் தெரிந்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது. ஆகவே நம் மருத்துவர்கள் ஒரு செடியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீராகக் காய்ச்சி எட்டில் ஒன்றாக வற்றவைத்துக் குடித்ததை, ஹெக்சேனிலும் மெத்தனாலிலும் மட்டும் சோதித்துவிட்டு "பாரம்பரியப் பயன்பாடு நிரூபிக்கப்பட்டது" என்று முடிவுரை எழுதுவது எனக்கு ஒப்பாது. நீர்ச் சாற்றையும் கட்டாயம் ஒரு வரிசையில் வைக்கச் சொல்கிறேன். பலன் வராவிட்டாலும் பரவாயில்லை, வைத்துப் பார்த்தோம் என்று எழுதலாம்.

கரைப்பான் முழுவதும் ஆவியாகிவிட்டதா என்று எடை போட்டுத்தான் சொல்ல முடியும், மூக்கால் அல்ல. அடுத்தடுத்து இரண்டு எடையும் ஒன்றாக வரும் வரை உலரவிட வேண்டும். எத்தனை கிராம் பொடியிலிருந்து எத்தனை கிராம் சாறு கிடைத்தது என்ற விழுக்காட்டை மறக்காமல் எழுதி வையுங்கள். இது பின்னால் ஒரு முக்கியமான கணக்குக்கு வேண்டும்.

இப்போது பிளேட்டுக்கு வருவோம். பாக்டீரியா தடவிய பிளேட்டில் மருந்து ஊறிய சிறு காகித வட்டை வைத்து, சுற்றிலும் வளராத வளையத்தை அளக்கும் டிஸ்க் முறை 1966இல் பாயர், கர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் முறைப்படுத்தியது. அவர்கள் முறைப்படுத்தியது மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக்கைச் சோதிக்க. நாம் அதே பிளேட்டில் பச்சை நிறக் குழம்பைச் சொட்டுகிறோம். அதனால்தான் பிளேட் முதலில் சரியாக இருக்க வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் கெட்டியான ஊடகமான முல்லர்-ஹிண்டன் அகார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 90 மில்லிமீட்டர் தட்டுக்கு ஏறத்தாழ 25 மில்லிலிட்டர். சிக்கனம் பார்த்து 15 ஊற்றினால் அகார் மெலிந்து வளையம் தானாகவே பெரிதாகும். பாக்டீரியாக் கலங்கல் 0.5 மெக்ஃபர்லண்ட் அளவில், அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி செல்கள் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லாமல் ஒளி உறிஞ்சலை 625 நானோமீட்டரில் அளந்து 0.08க்கும் 0.13க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேரியம் குளோரைடும் கந்தக அமிலமும் கொண்டு கலங்கலை ஒப்பிட்டுப் பார்க்கும் மெக்ஃபர்லண்ட் குழாயை நாமே தயாரிக்கலாம், செலவில்லை. கலங்கல் தயாரானதிலிருந்து 15 நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும். அதற்குமேல் ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

தெரிந்த விடை உள்ள ஒரு டிஸ்க்கை ஒவ்வொரு முறையும் வைத்துப் பாருங்கள். 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் டிஸ்க்கை ஈ.கோலை பாக்டீரியாவின் ஏடிசிசி 25922 என்ற வகை மீது வைத்தால் வளையம் 19 முதல் 26 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும்; ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் 25923 என்றால் 19 முதல் 27. அந்த எல்லைக்கு வெளியே போனால் அன்றைய பிளேட் எதையும் நம்பாதீர்கள், செடியின் வளையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பாக்டீரியாவை வகை எண்ணோடு வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர்த் தொகுப்பிலிருந்து வாங்கலாம். பக்கத்து மருத்துவமனையிலிருந்து கைம்மாற்றாகக் கிடைத்த 'ஈ.கோலை' பல நேரங்களில் என்னவென்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, ஆரியஸும் ஈ.கோலையும் நோயுண்டாக்கக்கூடியவை. வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில ஆய்வகங்களில் மிச்சமிருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வளையத்தை அளக்கும்போது ஒரு சின்ன வேடிக்கை நடக்கும். டிஸ்க்கின் விட்டமே 6 மில்லிமீட்டர். வளையத்தை டிஸ்க்கோடு சேர்த்துத்தான் அளக்கிறோம். ஆகவே 6 என்றால் சுழியம். ஆனால் அட்டவணைகளில் "6 மி.மீ., மிதமான செயல்திறன்" என்று அச்சாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். 7, 8 என்பதெல்லாம் அளவுகோல் சாய்ந்தால் வரக்கூடிய வித்தியாசம். இதற்காக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: பிளேட்டின் பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, அந்தப் புராஜெக்ட்டில் சம்பந்தமில்லாத வேறொரு மாணவர் அளப்பார். தன் செடியின் வளையத்தைத் தானே அளக்கிறவர் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போகும். அது மனித இயல்பு, கோபிக்க ஒன்றுமில்லை.

வளையம் வந்தால் விசாரணை தொடங்க வேண்டும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் வெறும் டிஎம்எஸ்ஓ ஒரு டிஸ்க்கில். மெத்தனாலில் கரைத்திருந்தால் மெத்தனால் ஊற்றி உலர்த்திய டிஸ்க் ஒன்று. சாற்றின் பிஎச், அதாவது அமிலத்தன்மை, என்ன? புளி, எலுமிச்சை, புளிச்சைக்கீரை போன்றவற்றில் வளையம் வருவது வியப்பே இல்லை. வெறும் அமிலமே அந்த வேலையைச் செய்துவிடும். பிஎச் 7 பக்கம் கொண்டுவந்த பிறகும் வளையம் நிற்கிறதா என்று பாருங்கள். நடுநிலையாக்கியதும் வளையம் காணாமல் போன அனுபவம் எங்களிடம் நிறைய. சாறே தூய்மையாக இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. இலையோடு வரும் பேசில்லஸ் வித்துகளை மெத்தனால் கொல்லாது. சாற்றில் ஒரு சொட்டை வெறும் அகார் மீது விட்டு ஓர் இரவு வைத்தால் தெரிந்துவிடும்.

அதேபோல், வளையம் வராததால் செடியில் ஒன்றுமில்லை என்றும் தீர்ப்பெழுதக் கூடாது. அகார் என்பது பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய்த்தன்மை கொண்ட பொருள்கள் டிஸ்க்கை விட்டு நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஹெக்சேன் சாறு தோற்பதற்குப் பல முறை இதுவே காரணம். இதே காரணத்தால் செடியின் 14 மில்லிமீட்டரையும் ஆன்டிபயாடிக்கின் 22 மில்லிமீட்டரையும் பக்கத்தில் வைத்து "மூன்றில் இரண்டு பங்கு வீரியம்" என்று கணக்குப் போடுவதும் தவறு. ஒன்று 1 மில்லிகிராம் கலவை. மற்றது 10 மைக்ரோகிராம் தூய மருந்து. நகரும் வேகமும் வேறு.

ஆகவே டிஸ்க் முறையை வாசலில் நிற்கும் காவலாளாக வைத்துக்கொண்டு, உள்ளே எம்ஐசிக்கு, அதாவது பாக்டீரியாவை வளரவிடாத மிகக் குறைந்த செறிவுக்கு, போக வேண்டும். 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவு வரை பாக்டீரியா வளரவில்லை என்று பார்ப்பது. இங்கே நடந்த ஒன்றைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

கடுக்காய் மாணவியின் தட்டு. குழிகள் பழுப்பு நிறத்தில் இருந்ததால் கலங்கலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊற்றினோம். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை ஒடுக்கி, அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, ஊதா ஆக்கும்; ஆகவே ஊதா என்றால் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, மஞ்சள் என்றால் செத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மேடம், செறிவு அதிகமான குழிகள்தான் ஊதாவாக இருக்கின்றன. குறைவான குழிகள் அந்த அளவுக்கு இல்லை." கேட்க விசித்திரமாக இருந்தது. மருந்து அதிகமான இடத்தில் பாக்டீரியா செழிக்கிறதா? தட்டின் கடைசி வரிசையில் பாக்டீரியாவே போடாமல் வெறும் சாறும் ஊடகமும் மட்டும் வைத்திருந்தோம். அதைப் பார்த்தால் அதுவும் ஊதா.

விஷயம் இதுதான். கடுக்காய்ச் சாறு சக்திவாய்ந்த ஒடுக்கி. பாக்டீரியா செய்ய வேண்டிய வேலையைச் சாறே சாயத்தின் மீது செய்துவிட்டது. எந்த ஆன்டிஆக்சிடன்ட் திறனைத் தலைப்பின் இரண்டாம் பாதியில் தனியாக அளக்கப் போகிறோமோ, அதே திறன் முதல் பாதியின் சோதனையைக் குழப்பியது. ரெசாசுரின் போன்ற மற்றச் சாயங்களிலும் இந்தக் கண்ணி உண்டு. பாக்டீரியா இல்லாத அந்த வரிசை இல்லாமல் இருந்திருந்தால், "கடுக்காய்க்கு எதிர்ப்புத் திறன் இல்லை" என்று ஒரு தவறான முடிவு அறிக்கையில் ஏறியிருக்கும். சாயத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழியிலிருந்தும் 5 மைக்ரோலிட்டர் எடுத்து அகார் மீது புள்ளியாக வைத்து மறுநாள் பார்த்தோம். வளர்ந்த புள்ளி, வளராத புள்ளி. சந்தேகத்துக்கு இடமில்லை, செலவும் கிட்டத்தட்ட இல்லை. கடுக்காய் ஆரியஸை நன்றாகவே நிறுத்தியிருந்தது.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. கேலிக் அமிலம், கேட்டகின் போன்ற பாலிபீனால்கள் ஊடகத்தில் கரைந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பாக்டீரியாவைக் கொன்றது அந்தப் பெராக்சைடாக இருக்கலாம். ஆன்டிஆக்சிடன்ட் என்று நாம் பெயர் சூட்டிய பொருளே ஆக்சிஜனேற்றியாக வேலை செய்கிறது. இதைப் பிரித்தறிய ஒரு வரிசையில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்துப் பார்க்கலாம். கேட்டலேஸ் இருக்கும்போது பலன் மறைந்தால், கொன்றது செடியின் மூலக்கூறு நேரடியாக அல்ல என்று தெரியும். டானின் பற்றியும் ஒரு வார்த்தை. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடும் தொழிலில் பயன்பட்ட சரக்குகள். டானின் புரதத்தைப் பிடித்து இறுக்கும் என்பதால்தான் தோல் பதமாகிறது. அதே இறுக்கம் பாக்டீரியாவின் மேற்புறப் புரதத்திலும் ஊடகத்தின் புரதத்திலும் நடக்கும். ஆகவே டானின் மிகுந்த செடி எதுவானாலும் கொஞ்சம் பலன் காட்டத்தான் செய்யும். அதைப் புதிய மருந்து கண்டுபிடித்ததாகக் கொண்டாட முடியாது.

ஈ.கோலை மீது பலன் வரவில்லையென்று சோர்ந்து போகும் மாணவர்களுக்கு: அது பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டியதுதான். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. உள்ளே நுழைந்ததையும் பம்பு வைத்து வெளியே தள்ளிவிடும். ஆரியஸுக்கு வெளிச்சவ்வு இல்லை. சாறு ஆரியஸை நிறுத்தி ஈ.கோலையை விட்டுவிட்டால் அட்டவணையில் அப்படியே எழுதுங்கள். இரண்டையும் ஒரே அளவில் கொல்லும் சாறு என்றால்தான் நான் முதலில் டிஎம்எஸ்ஓவையும் பிஎச்சையும் சந்தேகிப்பேன்.

ஆன்டிஆக்சிடன்ட் பக்கம் போனால் டிபிபிஎச் என்ற ஊதா நிறப் பொருள்தான் ராஜா. 1958இல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய சோதனை. மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா. ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் மஞ்சளாக வெளுக்கும். 517 நானோமீட்டரில் அளக்கலாம். பார்க்க அழகான சோதனை என்பதால் மாணவர்கள் அலைபேசியில் படம் பிடித்துக்கொள்வார்கள். 0.1 மில்லிமோலார் கரைசல் 100 மில்லிலிட்டருக்கு 3.94 மில்லிகிராம் வேண்டும். பெரும்பாலான கல்லூரித் தராசுகளில் அதை எடை போட முயல்வது வீண். 39.4 மில்லிகிராம் எடுத்து 100 மில்லிலிட்டரில் கரைத்து, பிறகு பத்து மடங்கு நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நான்கு தசம இடம் காட்டும் தராசில்தான். குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி, அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி, 100, 200, 300, 400, 500 மைக்ரோகிராம் என்று ஐந்து செறிவு எடுத்து எல்லாவற்றிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் வந்து நிற்பது. கோடு படுத்துவிட்டது, பாதி அளவு வெளுக்கவைக்கும் செறிவான ஐசி50ஐ எங்கே தேடுவது? எக்செல்லில் கோட்டைப் பின்னால் நீட்டி ஏதோ ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள். கடுக்காய், நெல்லிக்காய் போன்றவற்றுக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து தொடங்கி 50க்குள் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் நான்கைந்து புள்ளிகள் விழுந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. பக்கத்திலேயே ஒப்பீட்டுக்காக வைட்டமின் சியையோ ட்ரோலாக்ஸையோ அதே நாளில், அதே டிபிபிஎச் கரைசலில் ஓட்டுங்கள். டிபிபிஎச் செறிவு மாறினால் ஐசி50ம் மாறும். அதனால் வேறொருவர் கட்டுரையின் ஐசி50ஐ எடுத்து உங்களுடையதோடு ஒப்பிட்டு "எங்கள் செடி சிறந்தது" என்று எழுத முடியாது.

நீர்ச் சாற்றை மெத்தனால் டிபிபிஎச்சில் விட்டால் பிசினும் புரதமும் திரிந்து கலங்கிவிடும். ஒளி ஊடுருவாமல் அளவு ஏறி, விடை எதிர்மறை எண்ணாக வரும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் தெளிவை மட்டும் அளக்க வேண்டும். பச்சை நிறச் சாறுகளுக்கு, டிபிபிஎச் இல்லாமல் சாறும் மெத்தனாலும் மட்டும் வைத்த குழாயின் அளவைக் கழிக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ஏபிடிஎஸ் என்ற வேறொரு பொருளைக் கொண்டு நிறம் வெளுப்பதை அளக்கும் முறை நல்லது. 734 நானோமீட்டரில் அளப்பதால் இலையின் நிறம் பெரிதாகக் குறுக்கிடாது, தண்ணீரிலும் வேலை செய்யும். முந்தைய நாளே பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டோடு கலந்து இருட்டில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பீனால்களை நீல நிறத்தால் அளக்கும் ஃபோலின் முறையில் வரும் 'மொத்த பீனால்' அளவையும் முழுமையாக நம்ப வேண்டாம். வைட்டமின் சி, சர்க்கரை, சில புரதங்கள் எல்லாம் அந்த வினைபொருளை நீலமாக்கும்.

சோதனைக் குழாயில் வந்த ஆன்டிஆக்சிடன்ட் எண்ணை உடம்போடு முடிச்சுப் போடுவதில்தான் எனக்கு மாணவர்களோடு அதிகச் சண்டை. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் அளவைப் பட்டியலிட்ட ஓராக் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பனைக்குத்தான் பயன்பட்டன. நம் குப்பைமேனியே இன்னொரு சான்று. டிபிபிஎச்சில் அது ஆன்டிஆக்சிடன்ட். ஆனால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டபோது சிவப்பணுக்கள் ஆக்சிஜனேற்றத்தால் உடைந்துபோனதாக இலங்கையிலிருந்து மருத்துவப் பதிவுகள் உள்ளன. ஒரே செடி, குழாயில் ஒன்று, சிலருடைய இரத்தத்தில் நேர்மாறு. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பூனைகள் கிறங்கிப்போகும். ஆய்வக வாசலில் காயப்போட்ட வேரை வளாகத்துப் பூனை ஒன்று புரட்டி எடுத்ததில் ஒரு மாணவர் மறுபடி செடி தேடப் போக வேண்டியதாயிற்று.

முன்பு குறித்து வைக்கச் சொன்ன விழுக்காடு இங்கே உதவும். எம்ஐசி மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மனித உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். அந்தச் செறிவை இரத்தத்தில் எட்ட 12.5 கிராம் சாறு முழுதாகக் கலக்க வேண்டும். சாறு இறங்கியது 10 விழுக்காடு என்றால் 125 கிராம் உலர்ந்த இலை. பச்சை இலையாக அரைக் கிலோவுக்கு மேல். குடலில் சிதையாமல், ஈரலில் மாறாமல் அத்தனையும் இரத்தத்தில் ஏற வேண்டும். நடக்காது. தூய்மையாக்காத சாற்றில் எம்ஐசி 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அதைத் தொடர்ந்து ஆராயலாம். 1 மில்லிகிராமைத் தாண்டினால் அடக்கிப் பேசுவது நல்லது. ஆனால் தோல் மேல் பூசுவது வேறு கணக்கு. கிராமத்தில் சொறி சிரங்குக்குக் குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசுகிறார்கள். புண்ணின் மேல் மில்லிகிராம் கணக்கில் வைப்பது எளிது. ஆகவே குடிக்கும் மருந்துக்குப் பொருந்தாத எம்ஐசி, பூசும் மருந்துக்குப் பொருந்தலாம். எந்தப் பயன்பாட்டுக்காகச் சோதிக்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

மூன்று டிஸ்க்கை ஒரே தட்டில் வைத்து மூன்று முறை செய்ததாகக் கணக்குக் காட்டுவதையும் நிறுத்திவிட்டோம். வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவோடு செய்ததுதான் இன்னொரு முறை.

நேரமும் மனமும் இருக்கும் மாணவர்களை இப்போது டிஎல்சி தட்டுப் பக்கம் தள்ளிவிடுகிறேன். சிலிக்கா தட்டில் சாற்றைப் புள்ளி வைத்து, டொலுவீன், எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம் கலந்த கரைப்பானில் ஏற்றினால் கலவை தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். ஒரே மாதிரி இரண்டு தட்டு வேண்டும். ஒன்றின் மேல் டிபிபிஎச் தெளித்தால் ஊதாப் பின்னணியில் ஆன்டிஆக்சிடன்ட் பட்டைகள் மஞ்சளாகத் தெரியும். மற்றதன் மேல் பாக்டீரியா கலந்த இளகிய அகாரை மெல்லியதாக ஊற்றி ஓர் இரவு வைத்து, மறுநாள் எம்டிடி தெளித்தால் பாக்டீரியா வளராத இடங்கள் நிறமின்றி நிற்கும். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்தால் கொல்லும் பட்டையும் ஒடுக்கும் பட்டையும் ஒன்றா வேறா என்று தெரிந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்று: ஃபார்மிக் அமிலமே பாக்டீரியாவைக் கொல்லும். அகார் ஊற்றும் முன் தட்டை நன்றாக உலரவிட்டு, சாறு வைக்காத வெற்றுப் பாதை ஒன்றையும் ஓரத்தில் ஓடவிடுங்கள். ஒடுக்கும் பட்டையில் எம்டிடி தானாகவே ஊதாவாகும் என்பதால், பாக்டீரியா கலக்காத அகார் ஊற்றிய மூன்றாவது தட்டும் தேவைப்படும்.